மூன்றாவது கடை வரை நடந்தவர்கள்

பழைய பெட்டி விற்கிற தொழிலில் சரக்கு பாதி, வாய் பாதி. என் வாயைக் கெடுத்தவர் ஒருவர் இருக்கிறார். பேர் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் முகத்துக்கு நேராகவே கேட்கிறேன். உமக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

ஊர் சுற்ற வருகிறவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகம் ஒன்றில் மட்டாஞ்சேரிக் கடைகளைப் பற்றி நாலு வரி எழுதினீர். கடைக்காரன் மூன்று மடங்கு விலை சொல்வான். நீ மூன்றில் ஒன்று கேள். மாட்டேன் என்றால் மெதுவாக வெளியே நட. மூன்றாவது கடைக்குப் போவதற்குள் கூப்பிடுவான். இவ்வளவுதான். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. வாங்க வந்தவர்களே பக்கத்தைப் பிரித்துப் படித்துக் காட்டினார்கள். நீர் எழுதியதை இன்னொரு புத்தகம் காப்பியடித்தது, அதை வேறொன்று. இப்போது புத்தகமே இல்லை, போனில் வருகிறது. ஆனால் அந்த நாலு வரி மட்டும் சாகவில்லை.

வாசகர்களே, குறிப்பாகக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியில் சிரித்துப் பழகினவர்களே, என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் இந்த மலையாளத்துத் துறைமுகத்துக்கு வந்தேன். மிளகு மூட்டை தூக்கினேன். பிறகு லாட்ஜ்களில் தங்க வருகிறவர்களின் பெட்டி தூக்கினேன். ஒரு லாட்ஜ்காரர் வேண்டாமென்று தூக்கிப்போட்ட மரப்பெட்டிக்குக் கீல் மாட்டி விற்றேன். அந்தப் பணத்தில் இரண்டு பெட்டி. இப்படியே வளர்ந்ததுதான் யூதர்கள் குடியிருந்த ஜூத் தெருவில் இருக்கிற என் கடை. பயணச் சாமான் மட்டும்தான் விற்பேன். கப்பல் பெட்டி, தகரப் பெட்டி, படுக்கை சுருட்டுகிற ஹோல்டால், கூஜா, கப்பல் விளக்கு, திசைகாட்டி. பேரம் என் உயிர். பேசினால் நூறு இருநூறு குறைப்பேன், அது மரியாதைக்கு. ஆனால் நான் முதலில் சொல்கிற விலையை ஒரே ஒரு ஆள் நம்பிப் பார்த்துவிட வேண்டும். இருபத்தாறு வருஷமாக எனக்கு இருக்கிற ஆசை அதுதான்.

முதல் நடை

கடை போட்ட இரண்டாவது வருஷம். ஒரு வெள்ளைக்கார ஜோடி வந்தது. முதுகில் ஆளுயர மூட்டை, கையில் உம்முடைய புத்தகம். கப்பல் திசைகாட்டி ஒன்றை எடுத்துப் பார்த்து விலை கேட்டார்கள். தொள்ளாயிரம் என்றேன். அந்த ஆள் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி நிதானமாக, முந்நூறு என்றார். அதை நான் வாங்கினதே அறுநூறுக்கு. "போய்யா" என்று தமிழில் சொல்லிவிட்டுத் திசைகாட்டியை வாங்கித் துடைக்க ஆரம்பித்தேன். எனக்குக் கோபம் வந்தால் கை தானாகத் துடைக்கும். என் கடைப் பித்தளையெல்லாம் பளபளப்பதற்கு வேறு காரணம் இல்லை.

இரண்டு பேரும் வெளியே போனார்கள். போனார்கள் என்றால், அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. கல்யாண ஊர்வலத்தில்கூட இதைவிட வேகமாக நடப்பார்கள். முதல் கடை, இரண்டாவது கடை. மூன்றாவது கடை பேபிச்சேட்டனுடைய மசாலாக் கடை. அதன் வாசலில் நின்றுவிட்டார்கள். பட்டையைப் பார்த்தார்கள், கிராம்பைப் பார்த்தார்கள், என் கடையைப் பார்த்தார்கள். நான் துடைத்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் திரும்பி வந்தார்கள். அந்த அம்மா புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, உண்மையிலேயே கவலையோடு கேட்டார்: "எங்களைக் கூப்பிட மறந்துவிட்டீர்களா?"

ஏலக்காய்

அதன் பிறகு நாள்தோறும் இதே ஊர்வலம். கூப்பிடுவேன் என்று நினைத்துப் போகிறவர்கள் மூன்றாவது கடை வாசலில் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு எதையாவது வாங்குவார்கள். நூறு கிராம் ஏலக்காய், ஐம்பது கிராம் ஜாதிக்காய். நான் கூப்பிடாமல் இருக்க இருக்க அங்கே எடை கூடும். என் கோபத்தில் பேபிச்சேட்டன் மாடி கட்டினார் என்று நான் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். நல்ல மனுஷர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது.

ஒரு நாள் சாயா குடிக்கும்போது, "அந்த நாலு வரியை எழுதினவன் என் கையில் கிடைத்தால் ஹோல்டாலில் சுருட்டிக் கட்டிவிடுவேன்" என்றேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "ராவுத்தரே, அட்ரஸ் கிடைச்சா எனக்கும் ஒண்ணு தா. கிறிஸ்துமஸ்ஸுக்கு ஒரு கேக் அனுப்பணும்."

ஜமீலா போட்ட கணக்கு

ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு பெட்டிகூட நகரவில்லை. வந்தவர்கள் எல்லாம் மூன்றில் ஒன்று கேட்டார்கள், நடந்தார்கள், ஏலக்காய் வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் என் மனைவி ஜமீலா மீன் கழுவிக்கொண்டே, "அவங்க மூணுல ஒண்ணுதானே கேக்குறாங்க? நீங்க மூணு மடங்கு சொல்லுங்க. கழுதை, கணக்கு சரியாப் போச்சு" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் புத்தகத்தில் என்னைப் பற்றி எழுதியிருந்த பொய்யை நானே போய் உண்மையாக்க வேண்டும். ஆனால் அரிசி வாங்க வேண்டுமே.

மறுநாள் முதல் ஆள் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா. எழுபது வயதிருக்கும், தொப்பி வைத்திருந்தார். திசைகாட்டி இரண்டாயிரத்து எழுநூறு என்றேன். குரல் உடைந்தது. அவர் பையைத் திறந்து எண்ணிக் கொடுத்துவிட்டார். பேரம் இல்லை, நடை இல்லை, ஒன்றுமில்லை. பணத்தைக் கல்லாவில் போட எனக்கு மனசு வரவில்லை. திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார். சரி, சரக்காவது கொடுப்போம் என்று ஒரு கப்பல் விளக்கைப் பையில் வைத்தேன். கணக்கு இன்னும் சேரவில்லை. ஒரு பித்தளைப் பூட்டு வைத்தேன். பிறகு ஒரு சின்னக் கூஜா. அந்த அம்மா பையைத் தூக்கிப் பார்த்தார், தூக்க முடியவில்லை. என்னைச் சந்தேகமாகப் பார்த்து, "ஐயா, நான் ஒரு பொருள்தான் வாங்கினேன். இதையெல்லாம் எங்கிருந்து திருடினீர்கள்?" என்றார்.

சக்கரம்

பெட்டிகளைப் பார்த்தாலே மனுஷன் எப்படிப் பயணம் போனான் என்று சொல்லிவிடலாம். மூடி வளைந்திருந்தால் கப்பலில் போனது. தண்ணீர் வழிந்தோட வேண்டும், அதன்மேல் இன்னொருவன் பெட்டியை ஏற்றவும் கூடாது. மூடி தட்டையாக இருந்தால் பிற்காலத்தது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். தகரம் என்றால் பட்டாளத்துக்காரரும் வாத்தியாரும் ரயிலில் கொண்டுபோனது. முதன்முதல் மிளகு தேடி இந்தக் கடற்கரையில் இறங்கியவனும் விலையைக் குறைத்துத்தான் கேட்டிருப்பான். நல்லவேளை, அவனுக்கு வழிகாட்டிப் புத்தகம் கிடைக்கவில்லை.

டச்சுக்காரர் ஒருவர் வந்தார். தாடி வைத்த வாலிபர். இந்தக் காலத்துப் பயணம் பயணமே இல்லை, பழைய காலத்து மனிதர்களைப் போலப் பெட்டியோடு இந்தியா முழுக்கச் சுற்றப் போகிறேன் என்றார். வளைந்த மூடி வைத்த பெரிய தேக்குப் பெட்டியைக் காட்டினார். நான் அவருக்கு நல்ல புத்தி சொன்னேன். "தம்பி, பழைய காலத்து மனிதர் பெட்டியைத் தூக்கவில்லை. அவருக்குப் பின்னால் நாலு பேர் தூக்கினார்கள். நான் அந்த நாலு பேரில் ஒருத்தன், எனக்குத் தெரியும்." கேட்கவில்லை. மூன்றில் ஒன்று கேட்டார், நடந்தார், ஜாதிக்காய் வாங்கினார், திரும்பி வந்தார், ஒருவழியாக விலை படிந்தது. பெட்டியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு தெருவில் போனார். சுக்குக் கிடங்கு வரை போயிருப்பார், இருபது நிமிஷம் கழித்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். பெட்டி எங்கே என்று கேட்டேன். பாதி வழியில் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு, மெதுவான குரலில் கேட்டார்: "இதற்குச் சக்கரம் வைத்துத் தருவீர்களா?"

கொடி

தனித்தனியாக வருகிறவர்களைச் சமாளித்துவிடலாம். கப்பலில் வருகிறவர்கள் வேறு. காலையில் இறங்கி மாலையில் ஏற வேண்டும். முன்னால் ஒரு அம்மா மஞ்சள் கொடி பிடித்துக்கொண்டு போவார், பின்னால் முப்பது பேர். அவர்களுக்கு ஊர் என்பது அந்தக் கொடி. அது திரும்பினால் திரும்புவார்கள், நின்றால் நிற்பார்கள்.

ஒரு நாள் அந்த முப்பது பேரும் என் கடைக்குள் நுழைந்தார்கள். ஒருவர் கப்பல் விளக்கு கேட்டார். விலை சொன்னேன். மூன்றில் ஒன்று கேட்டார். முடியாது என்றேன். கொடி திரும்பியது, முப்பது பேரும் திரும்பினார்கள், வரிசையாக நடந்தார்கள். மூன்றாவது கடை வாசலில் முப்பது பேர் நிற்க இடம் ஏது? பாதித் தெரு அடைத்துக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒரு ஸ்கூட்டர்காரர் என்னைப் பார்த்து மலையாளத்தில் என் தகப்பனாரை விசாரித்தார். நான் துடைத்துக்கொண்டிருந்தேன். கொடி அம்மா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்து சொன்னார்: "தயவுசெய்து சீக்கிரம் கூப்பிடுங்கள். எங்கள் கப்பல் புறப்படப் போகிறது."

கூஜா

பேரம் என்றால் என்னவென்று தெரிந்த ஆளே வருவதில்லையா என்று கேட்பீர்கள். வந்தார். காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர், ஐம்பது வயதிருக்கும். குருவாயூர் போய்விட்டு வேனில் குடும்பத்தோடு வந்தார். மற்றவர்களை அரண்மனை பார்க்க அனுப்பிவிட்டு, கால் வலிக்கிறது என்று என் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கூஜாவைக் கையில் எடுத்தார். எடுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது வேறு ஆள். விலை சொன்னேன். "என்ன பாய், வெள்ளைக்காரன் வெலையை எனக்குச் சொல்றீக?" என்றார். இருபது வருஷத்தில் அன்றுதான் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. சாயா வரவழைத்தேன்.

ஒன்றரை மணி நேரம் பேசினோம். உள்ளே விரலை விட்டுப் பார்த்து, ஈயம் போய்விட்டது என்றார். ஈயம் பூசி ஆறு மாசம்கூட ஆகவில்லை என்றேன். மூடியைத் திருகி, "மூடி ஒரு ஊரு, அடி ஒரு ஊரு. இதுக ரெண்டுக்கும் இங்கேதான் கலியாணம் ஆயிருக்கு" என்றார். உண்மைதான், நான்தான் செய்துவைத்தேன். இது மெட்ராஸ் மெயிலில் முதல் வகுப்பில் போன கூஜா என்றேன். "அப்படியா, டிக்கெட் இருக்கா?" என்றார். ஐம்பது ஐம்பதாக இறங்கினேன். அவர் இருபது இருபதாக ஏறினார். நடுவில் என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், ஜமீலாவின் முட்டி வலிக்கு எண்ணெய் சொன்னார், மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கடைசியில் இதற்குக் கீழே இறங்கினால் நான் என் கடையிலேயே வேலைக்காரன் என்று ஒரு விலை சொல்லி, பேப்பரில் சுற்றியும் விட்டேன். ஆச்சி எழுந்து சேலையை உதறிக்கொண்டு சொன்னார்: "வேணாம் பாய். எங்க வீட்டுப் பரண்ல ஏழு கெடக்கு. என்ன வெலை போகுமுன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

இன்னொரு தடவை

இப்போது புத்தகம் பிடித்தவர்களைக் காணோம். எல்லாருக்கும் போன். உம்முடைய நாலு வரியும் படமாகிவிட்டது. போன டிசம்பரில் இடப்பள்ளியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்லூரி முடித்திருப்பாள். கூட வந்த தோழி போனைப் பிடித்துக்கொண்டாள். இவள் தகரப் பெட்டி ஒன்றுக்கு விலை கேட்டாள், மூன்றில் ஒன்று சொன்னாள், தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். நான் வழக்கம்போலத் துணியை எடுத்தேன்.

ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் வந்து கெஞ்சினார்கள். பெட்டி வேண்டாம், கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை நடித்தால் போதும், லட்சம் பேர் பார்ப்பார்கள் என்றார்கள். நான் எதற்கும் யாரையும் கூப்பிட்டதில்லை, லட்சம் பேருக்காகவும் கூப்பிட மாட்டேன் என்று கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத முடியாது, குடும்பங்கள் படிக்கிற பத்திரிகை. கத்தி முடித்ததும் அந்தப் பெண் முகமெல்லாம் சந்தோஷமாகத் தோழியிடம் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இக்கா, சூப்பர். லைட் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு. அதே கோபத்தோட இன்னொரு தடவை."

திரும்பிப் பார்க்காதவர்

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பதற்கு. இதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லப் பார்க்கிறேன். ஜூன் மாசம், நல்ல மழை, தெருவில் ஆளே இல்லை. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி குடையை மடக்கி வெளியே சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். என் கடையில் செருப்பைக் கழற்றியவர் அவர் ஒருவர்தான். தூத்துக்குடிப் பேச்சு. "பாய், வெளியூர்க்காரங்க எல்லாம் இந்தக் கடைக்குத்தான் வராங்க. அப்ப பயணம் போற சாமானெல்லாம் இங்கதான் கிடைக்கும்னு வந்தேன்" என்றார். இவரையும் சேர்த்து ஒரே இடத்தில் வேலை செய்கிற பெண்கள் பதினோரு பேர் இரண்டு வருஷமாகச் சீட்டுப் போட்டு, அடுத்த வாரம் ரயிலில் டில்லியும் ஆக்ராவும் பார்க்கப் போகிறார்களாம். மற்ற பத்துப் பேரும் சக்கரப் பை வாங்கிவிட்டார்கள். இவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. "பூட்டுப் போடணும் பாய். ஸ்டேஷன்ல வண்டி லேட்டானா மேல உக்காரவும் செய்யணும்." சொல்லிக்கொண்டே சிவப்புத் தகரப் பெட்டி ஒன்றின் மூடியைத் திறந்து, இரண்டு சேலை இங்கே, ஒரு போர்வை இங்கே என்று கையால் அளந்து பார்த்தார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என்னிடம் பெட்டி வாங்குகிறவர்கள் அதன்மேல் டிவி வைப்பார்கள். கண்ணாடி போட்டு டீப்பாய் ஆக்குவார்கள். ஓட்டல்காரர்கள் அதில் செடி வளர்க்கிறார்கள். விளையாட்டுக்குக் கேட்ட அந்த டச்சுக்காரரை விட்டால், இருபத்தாறு வருஷத்தில் துணி வைத்துப் பயணம் போகப் பெட்டி கேட்டவர் இவர் மட்டும்தான்.  அந்த நேரம் பார்த்து, "எவ்வளவு பாய்?" என்றார். எண்ணூறு ரூபாய்ப் பெட்டி. மூன்று மடங்குக்குப் பழகிப்போன வாய், என்னைக் கேட்காமல், "ரெண்டாயிரத்து நானூறு" என்றது. அவர் ஒரு நிமிஷம் பெட்டியைப் பார்த்தார். "அப்படியா. சரிங்க பாய்" என்று மூடியைச் சத்தம் வராமல் மூடிவிட்டு, செருப்பை மாட்டி, குடையை விரித்துக்கொண்டு போனார்.

நடக்கட்டும், திரும்புவார், திரும்பியதும் எண்ணூறு என்று சொல்லிவிடலாம் என்று நான் வாசலில் நின்றேன். முதல் கடை. இரண்டாவது கடை. மூன்றாவது கடையில் நிற்கவில்லை. நாலாவது கடை, ஐந்தாவது கடை, குடை வளைவில் மறைந்தது. அந்தத் தொப்பி அம்மாவுக்கு அப்புறம், நான் சொன்ன முதல் விலையை நம்பிய ஆள் கடைசியில் வந்தேவிட்டார். நான் சொன்னதோ பொய் விலை. பேபிச்சேட்டன் தன் கடை வாசலில் நின்று குடை போன திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ராவுத்தரே, அந்தப் பெண்ணு புஸ்தகம் படிக்காத ஆளாக்கும்."

மூன்று ஐஸ் பெட்டி

மழையில் ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் யாருமில்லை, தோப்பும்படி பஸ் அப்போதுதான் போயிருந்தது. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பேபிச்சேட்டன்தான் சொன்னார், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்ததே, இறால் உரிக்கிற கை என்று. அவர் ஏலக்காய் நிறுக்கும்போது பார்க்கிற பார்வை அப்படி. மறுநாள் காலையில் சிவப்புப் பெட்டியைத் துடைத்து ஆட்டோவில் ஏற்றினேன். ஜமீலா வாசலில் வந்து நின்று, "வெலை சொல்றதுக்கு முந்தி வாயை ஒரு தடவை கொப்புளிச்சிட்டுச் சொல்லுங்க" என்றாள். தோப்பும்படியில் இறால் ஷெட் ஒன்றா இரண்டா. நாலாவது ஷெட்டில் கண்டுபிடித்தேன். சாப்பாட்டு நேரம். பதினோரு பேரும் கவிழ்த்த கூடைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள், காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ். பெட்டியை இறக்கி அவர் முன்னால் வைத்தேன். அவர் பேர் செல்வி என்று அப்போதுதான் தெரிந்தது.

"நேத்துச் சொன்னது வாய்ப் பழக்கம்மா. மனசுல வச்சுக்காதீங்க. நிஜ விலை எண்ணூறு. ஒரு பைசா கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல" என்றேன். சொல்லும்போதே உடம்பு லேசாயிற்று. அத்தனை வருஷத்துக்கு அப்புறம் என் வாயிலிருந்து ஒரு நேர் விலை. செல்வி எழுந்து நின்றார். பக்கத்திலிருந்த லீலாச்சேச்சி, அவர்தான் இந்தப் பயணத்துக்குத் தலைவி, சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு செல்வி காதில் ஏதோ ஓதினார். செல்வி என் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "இருநூத்தி எழுபது."  அதை நான் வாங்கினதே அறுநூற்றைம்பது என்றேன், என் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தேன். லீலாச்சேச்சி கண்ணைக் காட்டினார். மற்றவர்களும் எழுந்தார்கள். பதினோரு பேரும் நடந்தார்கள். ஷெட்டுக்குள் கடை ஏது? மூன்று ஐஸ் பெட்டிகளைத் தாண்டிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ரெண்டு மூன்று முதுகுகள் குலுங்கின.

இருபத்தாறு வருஷம் ஜெர்மன்காரர், அமெரிக்காக்காரர், முப்பது பேர் கொண்ட கொடிக் கூட்டம், யாரையும் நான் கூப்பிட்டதில்லை. பெட்டியைப் பார்த்தேன். அதைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இன்னொரு டீப்பாய் ஆகும். துடைக்கத் துணிகூடக் கையில் இல்லை. "செல்வி, வாம்மா, எடுத்துக்க" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பதினோரு பேரும் ஒன்றாகச் சிரித்துவிட்டார்கள். இருநூற்று எழுபதை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "நீங்க கண்டிப்பாக் கூப்பிடுவீங்கன்னு போன்ல போட்டிருக்குன்னு சேச்சி சொன்னாங்க பாய். நான்தான் நம்பல."

ஆகவே பேர் தெரியாத பெரியவரே, பொய் விலையை நம்பின அந்த மனுஷியையும் உண்மை விலையை நம்பாதபடி செய்த அந்த நாலு வரிக்குக் கீழே, எழுதிய கையாலேயே, "மட்டாஞ்சேரியில் பெட்டி விற்கிற ராவுத்தர் இனி ஒரே விலைதான் சொல்வார்" என்று ஐந்தாவது வரியையும் எழுதிவிட்டு, ஒரு நாள் நேரில் வந்து, நான் முதலில் சொல்கிற விலைக்கு, மறுபேச்சில்லாமல் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போம்.